சந்தைப் புகையிலையும் என் சுங்கானும்

மட்டக்களப்புச் சந்தைப் பக்கம் வெற்றிலை, பாக்கோடு புகையிலையும் விற்கும் சின்னக் கடை. புகைபிடிக்கும் குழாயான சுங்கானுக்கு வேண்டும் என்றதும் கடைக்கார ஐயா, “என்ன மனே, தேயிலைத் தோட்டத்துத் துரையா நீங்க?” என்று சிரித்தார். ஆனாலும் யாழ்ப்பாணத்து இலைக் கட்டைப் பிரித்து முகர்ந்து பார்க்க விட்டார். அதற்காகவே திரும்பப் போவேன்.

பொச்சுமட்டைப் புகையில் பதமாக்கிய இலை. லட்டாக்கியா என்ற சுங்கான் புகையிலையும் புகை காட்டிய இலைதான், ஆனால் இதில் அடுப்படி வாசம். தனியாக இழுத்தால் தலை சுற்றும். நடுத்தண்டை உரித்து, மெல்லிதாக அரிந்து, கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த வர்ஜீனியாப் புகையிலை நாலு பங்குக்கு இது ஒரு பங்கு என்று கலந்தேன். கித்துள் பாணி ஒரு கரண்டியை வெந்நீரில் கரைத்துத் தெளித்து, ஜாம் போத்தலில் இரண்டு கிழமை மூடிவைத்தேன்.

முதல் போத்தல் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மாரியில் இலையைச் சரியாக உலர்த்தாமல் அடைத்தது என் பிழை. இரண்டாவது நன்றாக வந்தது: தொடக்கத்தில் பாணி இனிப்பு, நடுவில் மிளகுக் காரம், அடியில் கசப்பு. வர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம், அவசரமாக இழுத்தால் நாக்கு பொசுங்கும். காரமும் கசப்பும் குறைய, அடுத்த முறை ஐந்துக்கு ஒன்று போடலாம்.

கடையில் ஒரு குறை: கட்டின் நடுவில் தண்டு தடித்த, மண் ஒட்டிய இலைகள். கால்வாசி கழிந்தது. பிரித்துப் பார்த்தே வாங்குங்கள். மனைவியின் மதிப்பீடு, “முற்றத்துக்குப் போங்க.”