கல்லூரியில் பேருந்து நேரப் பலகை: கைபேசியா, எல்இடியா, டிவியா?

மாலை மூன்றரை மணிக்கு வகுப்பு முடிந்ததும், வட சென்னையின் திருவொற்றியூர் பக்கம் போகும் மாணவர்கள் எங்கள் கல்லூரி வாசலில் தெருவை எட்டிப் பார்த்தபடி நிற்பது வழக்கம். பேருந்து எப்போது வரும் என்பதை அவர்களுக்குக் காட்ட மூன்று வழிகள் உண்டு. அவை கைபேசிச் செயலி, நிறுத்தத்தில் எல்இடி பலகை, வளாகத்திற்குள் டிவித் திரை.

மூன்றும் குடிப்பது ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். பேருந்திலுள்ள ஜிபிஎஸ் கருவி தன் இருப்பிடத்தைக் கைபேசி வலையமைப்பு வழியாகத் தொடர்ந்து அனுப்ப, சர்வர் அதைக் கொண்டு வருகை நேரத்தைக் கணிக்கிறது. ஆகவே எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றாலோ, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக்கிடந்தாலோ மூன்றும் சேர்ந்தேதான் தவறும்.

செயலிக்குச் செலவே இல்லை. 2022இல் ‘சென்னை பஸ்’, 2025இல் ‘சென்னை ஒன்’ என இரண்டு வந்துவிட்டன; பின்னதில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் டேட்டா தீர்ந்த மாணவருக்கும், மாலைக்குள் சார்ஜ் இறங்கிவிட்ட கைபேசிக்கும் அதனால் பயனில்லை.

எல்இடி பலகையின் பெரும் பலம், நடுப்பகல் வெயிலிலும் எழுத்து தெரியும் என்பது. அதன் சிக்கல் தமிழில்தான் இருக்கிறது. கடைப் பெயர்ப் பலகைகளில் பரவலாகக் காணும் பி10 என்ற எல்இடி தகட்டில் அகலவாட்டில் 32 புள்ளிகளும் உயரவாட்டில் 16 புள்ளிகளுமே உள்ளன. ‘திருவொற்றியூர்’ என்ற சொல் ஒரு தகட்டில் அடங்காது. மூன்று நான்கு தகடுகளைப் பக்கவாட்டில் கோக்க வேண்டும், அல்லது எழுத்தை ஓடவிட வேண்டும். ஓடவிட்டால், தடம் எண்ணைப் பார்க்கத் தவறியவர் அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். நான் முன்பு பார்த்த ஒரு பலகையில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது, புள்ளிகளைக் காணவே காணோம். சிறு கட்டுப்பாட்டுச் சில்லுகளுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாது என்பதால், ஊர்ப்பெயர்களை முன்கூட்டியே படமாக வரைந்து ஏற்றுவதே தீர்வு. போதாதற்கு, கடலுக்கு இவ்வளவு அருகில் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும் என்பதால் காற்றுப் புகாத பெட்டிக்கும் தனிச் செலவாகும். (கிண்டில் போன்ற மின்நூல் கருவிகளில் இருக்கும் மின்தாள் திரை மின்சாரத்தை மிகக் குறைவாகவே எடுக்கும், ஆனால் விலையை நினைத்தால் அதைப் பற்றிப் பேசவே தோன்றவில்லை.)

என் தேர்வு டிவி. கேன்டீனில் ஒரு பழைய 32 அங்குலத் திரையும், அதன் பின்னால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றும், வளாக வைஃபையும் போதும்; தமிழ் எழுத்து ஒழுங்காக வரும், எட்டுப் பத்துத் தடங்கள் ஒரே பார்வையில் தெரியும். இதைவிட முக்கியமான காரணம், கிளம்பலாமா, இன்னொரு டீ குடிக்கலாமா என்பதை மாணவர் தீர்மானிப்பது கேன்டீனில்தான், நிறுத்தத்தில் அல்ல. நிறுத்தத்திற்குப் போய்ச் சேர்ந்தபின் ‘12 நிமிடம்’ என்று தெரிந்தால் என்ன செய்ய முடியும்? வைஃபை போனால் திரை பழைய கணக்கிலேயே உறைந்துவிடும் என்பது இதன் பலவீனம். எங்கள் கேன்டீன் திரை ஒரு முறை மதிய இடைவேளை முழுவதும் ‘5 நிமிடம்’ என்றே நின்றது. அடுத்த நாள் யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியாகத் தகவல் வந்த நேரத்தைத் திரையின் மூலையில் காட்டியபிறகே பிள்ளைகள் மீண்டும் நம்பத் தொடங்கினார்கள்.

எந்தத் திரையை வாங்கினாலும் பேருந்தின் வகையைக் காட்டும் ஒரு நெடுவரிசை அதில் கட்டாயம் வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ‘4 நிமிடம்’ என்பதை நம்பி ஓடிய மாணவியின் முன் கட்டணம் வாங்கும் டீலக்ஸ் வந்து நின்றால், முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய கட்டணமில்லா வண்டிக்காக அவர் மீண்டும் தெருவை எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.