எவர்சில்வரில் ஒட்டாத தாள்: மிச்ச உணவை எதனால் மூடுவது?

இரவுச் சாப்பாடு முடிந்ததும் மிச்சமிருக்கும் வத்தக்குழம்பை ஓர் எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றி, அதன் வாயில் கிளிங் ஃபிலிம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்ட முயன்றவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியும். சுருளின் நுனி எங்கே இருக்கிறது என்று நகத்தால் சுரண்டித் தேட வேண்டும். கிடைத்த நுனியை இழுத்தால் அது குறுக்கே கிழியாமல் நெடுகக் கிழியும். அட்டைப்பெட்டியின் ஓரத்திலுள்ள பல், தாளை அறுப்பதற்கு முன்பு விரலைக் கீறும். ஒருவழியாக அறுத்தெடுத்த துண்டு, கிண்ணத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தன்னோடு தானே ஒட்டிச் சுருண்டு கயிறாகிவிடும். இத்தனையையும் தாண்டிக் கிண்ணத்தின் மேல் பரப்பி வைத்தாலும், காலையில் ஃபிரிட்ஜைத் திறக்கும்போது அதன் ஒரு பக்கம் விடுபட்டு, நுனி குழம்பில் நனைந்து கிடக்கும்.

இதில் கைத்திறனின் குறை எதுவும் இல்லை. இந்தத் தாள் மிக மெல்லியது. வழவழப்பான பரப்பின் மேல் இடைவெளியின்றிப் படிவதாலும், சுருளிலிருந்து உரிக்கும்போது அதில் ஏறும் நிலைமின்சாரத்தாலும், தயாரிப்பில் சேர்க்கப்படும் பசைத்தன்மையுள்ள பொருளாலும்தான் அது ஒட்டுகிறது. கண்ணாடியும் பீங்கானும் மின்சாரத்தைக் கடத்தாதவை என்பதால் அந்த மின்னேற்றம் அவற்றின் மேல் சிறிது நேரம் தங்கும். எவர்சில்வர் உலோகமாயிற்றே, தொட்ட மாத்திரத்தில் அதை வாங்கிக் கடத்திவிடும். போதாததற்கு நம் பாத்திரங்களின் விளிம்பு பெரும்பாலும் வெளிப்புறமாகச் சுருட்டப்பட்டிருக்கும். குழம்பை ஊற்றும்போது அந்த விளிம்பில் எண்ணெயோ ஈரமோ படாமல் இருப்பது அரிது. கண்ணாடிக் கிண்ணங்கள் நிறைந்த சமையலறைக்குப் பிறந்த பொருளை எவர்சில்வர் சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டு, அது ஒட்டவில்லையே என்று நொந்துகொள்கிறோம்.

பழைய தாள் இன்னும் நன்றாக ஒட்டியது என்று வெளிநாட்டில் வாழ்ந்த உறவினர்கள் சொன்னால் அதை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். 1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் டவ் கெமிக்கல் ஆய்வகத்தில், கழுவக் கழுவப் போகாமல் குடுவையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு படிவத்திலிருந்துதான் சரன் என்ற பொருள் தற்செயலாகக் கிடைத்தது. வேதியியலில் பிவிடிசி எனப்படும் அந்தப் பொருள் 1950களில் வீட்டுச் சமையலறைக்கான தாளாக விற்பனைக்கு வந்தது. அது நன்றாக ஒட்டும். வாசனையையும் காற்றையும் எளிதில் விடாது. ஆனால் அதில் குளோரின் இருப்பதால், எரிக்கும்போது நச்சு வெளிவரக்கூடும் என்ற கவலை எழுந்தது. பிற்பாடு அந்தப் பெயரை வாங்கிய எஸ்.சி. ஜான்சன் நிறுவனம் 2004இல் பாலிஎத்திலீனுக்கு மாறியது. புதிய தாள் முன்புபோல ஒட்டவில்லை என்பதையும், அதனால் சந்தையில் பங்கு குறைந்ததையும் அந்நிறுவனத்தின் தலைவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இன்று கடைகளில் கிடைப்பவை பாலிஎத்திலீன் தாள்களும் பிவிசி தாள்களும். பிவிசி சற்று நன்றாக ஒட்டும், ஆனால் அதை இளக்குவதற்காகச் சேர்க்கும் பொருள்கள் எண்ணெயும் கொழுப்பும் உள்ள உணவில் இறங்கக்கூடியவை. நல்லெண்ணெய் மிதக்கும் வத்தக்குழம்பின் மேல் அது படிந்து கிடப்பதை நினைத்தால் எனக்கு அவ்வளவாக மனம் ஒப்பவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் உண்டு. 2018 ஜூனில் அறிவிக்கப்பட்டு 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் மீதான தடையின் பட்டியலில், உணவைக் கட்டப் பயன்படும் பிளாஸ்டிக் தாளும் இருக்கிறது. பார்சல் சாப்பாட்டில் அது எந்த அளவுக்குக் குறைந்தது என்பது வேறு கதை. வீட்டில் நாம் பயன்படுத்தியது பழைய பேப்பர்க்காரரிடம்கூடப் போகாது. குழம்புக் கறையோடு கசங்கிய அந்தத் தாளைக் காசு கொடுத்தாலும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

சரி, மாற்று என்ன? பலரும் முதலில் கை நீட்டுவது அலுமினிய ஃபாயிலை நோக்கித்தான். அது சொன்னபடி மடங்கும், மடங்கியபடி நிற்கும், சுருட்டிய விளிம்பையும் இறுகப் பற்றும், சூட்டுக்கும் அஞ்சாது. சப்பாத்தியைச் சுற்ற அதைவிட எளிதானது இல்லை. ஆனால் நம் சமையலில் புளி இல்லாத நாள் ஏது? சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆடிப்பெருக்குக்குக் கிளறிய புளியோதரை நிறைய மிஞ்சிவிட்டது என்று அதை எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி, ஃபாயிலைச் சோற்றின் மேலேயே படியும்படி அழுத்தி மூடி வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது ஃபாயிலில் ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள். துளைகளுக்கு நேர் கீழே சோற்றின் மேல் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகக் கறை. விளக்கின் எதிரே தூக்கிப் பிடித்தால் சல்லடைபோல வெளிச்சம் தெரிந்தது. புளிப்பும் உப்பும் கலந்த ஈரத்தின் வழியாக இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொடர்புகொள்ளும்போது அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் கரைந்துபோவது அலுமினியம். கண்ணாடிப் பாத்திரமாக இருந்தாலும் புளியும் எலுமிச்சையும் தக்காளியும் ஃபாயிலை மெல்ல அரிக்கத்தான் செய்யும். எவர்சில்வர் சேர்ந்தால் அந்த வேலை ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. உணவைத் தொடாமல் மேலே கூடாரம்போல் நிற்குமானால் ஃபாயிலுக்குக் குறையில்லை. தொடும் இடத்தில், அதுவும் புளிக்குழம்பு, ரசம், ஊறுகாய் ஆகியவற்றின் அருகில், அது கிளிங் ஃபிலிமைவிட மோசமான தேர்வு.

தேன்மெழுகுத் துணியைப் பற்றி இணையத்தில் நிறையப் புகழ்ச்சி உண்டு. பருத்தித் துணியில் தேன்மெழுகு, மரப்பிசின், எண்ணெய் ஆகியவற்றை ஏற்றிச் செய்வது அது. உள்ளங்கைச் சூட்டில் இளகிக் கிண்ணத்தின் வடிவத்துக்குப் படியும். குளிர்நாடுகளில் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் சுற்ற அது அருமையான பொருளாக இருக்கலாம். தேன்மெழுகு உருகும் வெப்பம் ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸ். அதனால் ஆறாத பாத்திரத்தின் மேல் போட முடியாது, சுடுநீரில் கழுவ முடியாது. பச்சை மீனுக்கும் இறைச்சிக்கும் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கைச் சுடுநீரின்றிப் போக்குவது எப்படி என்று நம் ஊரில் பாத்திரம் தேய்த்த யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். சித்திரை வெயிலில் சென்னைச் சமையலறை அலமாரியில் மடித்து வைத்த துணியை மறுநாள் பிரித்தால், தொட்ட கையெல்லாம் பிசுபிசுக்கிறது. பாதி வெட்டிய வெள்ளரிக்காய்க்கும் கொத்தமல்லிக்கட்டுக்கும் நன்றாக உதவுகிறது என்பதோடு அதை விட்டுவிடலாம்.

இழுத்து மாட்டும் சிலிக்கோன் மூடிகள்தான் புதிதாக வந்தவற்றில் எனக்கு உண்மையாகவே பயன்பட்டவை. ரப்பர்போல் நீளும், எவர்சில்வர் விளிம்பையும் பற்றிக்கொள்ளும், 200 டிகிரிச் சூட்டையும் தாங்கும், கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் பெரும்பாலும் சிந்தாது. மைக்ரோவேவில் வைக்கும்போது ஓரத்தைச் சற்றே தூக்கிவிட்டால் போதும். இரண்டு குறைகள். விளிம்பு ஈரமாக இருந்தால் ஒரு பக்கத்தை மாட்டும்போது மறு பக்கம் வழுக்கி முகத்தில் அறையும். அதைவிடப் பெரிய குறை வாசனை: சிலிக்கோன் எண்ணெயையும் அதோடு வரும் மணத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. பூண்டுக்குழம்பின் மேல் ஒரு வாரம் இருந்த மூடியைப் பாயசத்தின் மேல் மாட்டினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை வீட்டார் எல்லோருமாக அறிந்துகொண்டோம். அன்றிலிருந்து இனிப்புக்கென்று ஒரு மூடியைத் தனியாக ஒதுக்கிவிட்டேன். மஞ்சள் கறையும் ஏறும், ஆனால் அதனால் கெடுதல் இல்லை. குளியல் தொப்பிபோல் எலாஸ்டிக் வைத்த பிளாஸ்டிக் உறைகளையும் இவற்றோடு சேர்த்து விற்கிறார்கள். அவை கிளிங் ஃபிலிமின் தம்பிகள். நாலு முறை பயன்படுத்தலாம் என்பது தவிர வேறு பெருமை இல்லை.

இவ்வளவையும் வாங்கிப் பார்த்த பிறகு என் அம்மா ஒருநாள் வந்து நின்று, ஃபிரிட்ஜுக்குள் எட்டிப் பார்த்து, “ஏம்மா, இதுக்கு மேல ஒரு தட்டைக் கவுத்து வெச்சா ஆகாதா?” என்று கேட்டார். ஆகும். பெரும்பாலான வேளைகளில் அதுதான் ஆகும். எவர்சில்வர் தட்டுக்கு நுனி தேட வேண்டாம். சூடான பாத்திரத்தின் மேலும் வைக்கலாம். புளியால் அதற்கு ஒன்றும் நேராது. அதன் மேல் இன்னொரு கிண்ணத்தை அடுக்கலாம். கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் சிறிய ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு அதுவே பெரிது. கிளிங் ஃபிலிம் ஒட்டிய கிண்ணத்தின் மேல் தயிர்ப் பாத்திரத்தை வைத்தால் தயிர் குழம்புக்குள் போய்விடும். தட்டின் குறையும் வெளிப்படையானது: இடைவெளி இருக்கும், அதன் வழியாக வெங்காய வாசனை பாலுக்குப் போகும், பலாச்சுளை வாசனை எல்லாவற்றுக்கும் போகும், தூக்கிக்கொண்டு போகும்போது நழுவும். எறும்பையும் அது தடுக்காது. எறும்புக்கு எந்த மூடியும் பதில் அல்ல. தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் பாத்திரத்தை வைப்பதுதான் பதில்.

ஆனால் அந்த இடைவெளியே தேவைப்படும் உணவுகளும் உண்டு. இட்லி மாவு புளிக்கும்போது கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். கிளிங் ஃபிலிமால் இறுக்கி மூடினால் அது பூரிபோல் உப்பி ஒரு பக்கம் பிய்த்துக்கொள்ளும். சிலிக்கோன் மூடியை மாவே தூக்கி எறியும். திருகு மூடி போட்டால் காலையில் அடுப்பு மேடையைக் கழுவும் வேலை கூடுதலாகச் சேரும். முக்கால் பங்குக்கும் குறைவாக நிரப்பிய பாத்திரத்தின் மேல் சும்மா ஒரு தட்டு, பொங்கினால் வழிவதைப் பிடிக்க அடியில் இன்னொரு தட்டு. உறை ஊற்றிய பாலுக்கும் அதுவே போதும். வெயிலில் வைக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் நார்த்தங்காய்க்கும் தட்டும் கூடாது. உள்ளே வியர்த்துச் சொட்டும் நீரே பூஞ்சைக்கு வித்தாகும். அதற்காகத்தான் மெல்லிய வெள்ளைத் துணியால் பரணியின் வாயை வேடு கட்டினார்கள். தூசியும் ஈயும் உள்ளே வராது, ஈரம் வெளியே போகும். எந்தத் தாளாலும் மூடியாலும் செய்ய முடியாத வேலை இது. அதே துணியை நனைத்துப் பிழிந்து சப்பாத்தி மாவின் மேல் போடலாம், ஆனால் அரை மணி நேரத்துக்குத்தான். ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் துணி காய்ந்து, மாவும் தோல் கட்டிவிடும். உருண்டையின் மேல் எண்ணெய் தடவி மூடியுள்ள டப்பாவில் வைப்பதே மேல்.

வழிப்பயணத்துக்குக் கட்ட வேண்டுமானால் வாழையிலைக்கு இன்றும் நல்ல போட்டியாளர் இல்லை. பச்சையாக மடித்தால் நரம்போடு கிழிந்துவிடும். அடுப்புத் தீயில் இப்படியும் அப்படியும் காட்டி வாட்டினால், கரும்பச்சையாக மாறிப் பளபளத்து, துணிபோல் துவண்டு கொடுக்கும். இலையின் மேலுள்ள இயற்கை மெழுகு எண்ணெயையும் ஈரத்தையும் சோற்றோடு நிறுத்தி வைக்கிறது. கட்டுச்சோற்றுக்கு அந்த மணமும் கூடுதல் வரவு. ஒரு பகலுக்குத்தான் அது, இரண்டாம் நாள் இலை கருத்துவிடும். இலையின் மேல் செய்தித்தாளைச் சுற்றும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அச்சு மையில் இருப்பவை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே எச்சரித்திருக்கிறது. இலைக்கு வெளியே சுத்தமான துணி ஒன்றைச் சுற்றினால் முடிந்தது.

இப்போது என் சமையலறையில் குழம்புக்கும் கூட்டுக்கும் தட்டு. ரசத்துக்கும், அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கிண்ணத்துக்கும் சிலிக்கோன் மூடி. நறுக்கிய வெங்காயத்துக்கும் பலாச்சுளைக்கும் கிளிப் வைத்த கண்ணாடி டப்பா. கிளிங் ஃபிலிம் சுருளைத் தூக்கியெறியவில்லை. பாதி வெட்டிய தர்பூசணிக்கு ஏற்ற தட்டு எங்கள் வீட்டில் இல்லை, எந்தச் சிலிக்கோன் மூடியும் அந்த அகலத்துக்கு எட்டாது, டப்பாவுக்குள்ளும் அது போகாது. அந்த ஈரமான சிவப்பு முகத்தின் மேல் தாளைப் போட்டு உள்ளங்கையால் ஒருமுறை நீவினால், அங்கே மட்டும் அது ஒரு வார்த்தை எதிர்க்காமல் ஒட்டிக்கொள்கிறது. போன கோடைக்கு முந்தின கோடையில் வாங்கிய சுருள் அது. இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.