வீட்டில் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனை: ஸ்ட்ரிப், கார்டு, டிஜிட்டல், எதை வாங்கலாம்?

மார்பு கனத்து வலிப்பது, ஓயாத அசதி, அடிக்கடி சிறுநீர் வருவது எல்லாமே கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்திலும் இவற்றில் பல வரும், ஏனென்றால் இரண்டு சமயத்திலும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடம்பில் கூடியிருக்கிறது. மசக்கையோ பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் தலைகாட்டும். அறிகுறிகளை எண்ணிக்கொண்டு மனசைப் போட்டு அலட்டிக்கொள்வதைவிட, நாள் தள்ளிப்போனதும் கிட் வைத்துப் பார்த்துவிடுவது மேல்.

கடையில் மூன்று வகை கிடைக்கும். உள்ளே வேலை செய்வது மூன்றிலும் ஒரே மாதிரிப் பட்டைதான்: கரு பதிந்த பிறகு ஊறி, சிறுநீரில் வரும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைப் பிடித்து நிறக் கோடாகக் காட்டும். ஸ்ட்ரிப்பை, அதில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டாமல், சுத்தமான கப்பில் உள்ள சிறுநீரில் சில விநாடிகள் நனைத்து எடுக்க வேண்டும். எத்தனை விநாடி என்பது அதன் சீட்டில் இருக்கும். எல்லையைத் தாண்டி முக்கினால் முடிவு கெட்டுப்போகும், அவசரத்தில் பலரும் செய்கிற பிழை இது. கார்டில் குழி இருக்கும்; கூடவே வரும் டிராப்பரால் பெரும்பாலும் மூன்று சொட்டு விட்டால் போதும். நிறைய ஊற்றினால் சாயம் பரவிக் கோடு கலங்கிவிடும், குறைந்தால் ஈரம் மேலே ஏறாது. டிஜிட்டலில் அதே கோட்டை ஒரு சென்சார் படித்து எழுத்தாகக் காட்டுகிறது. விலை கூடுதல், ஆனால் அதனாலேயே ஹார்மோனைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடாது. கோட்டைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு மட்டும் அது பயன். எங்கள் தேர்வு கார்டு. சொட்டின் அளவு நம் கட்டுக்குள் இருக்கிறது, மேசையில் தட்டையாக வைத்துப் படிக்கலாம். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியவர்களுக்கு ஸ்ட்ரிப்பே தாராளம்.

முடிவு தவறுவதற்குக் கிட்டைவிடப் பார்க்கும் நாள்தான் பெரும்பாலும் காரணம். கருமுட்டை வெளிப்பட்ட பிறகு, பெரும்பாலும் 8 முதல் 10 நாளில்தான் கரு கருப்பையில் பதிகிறது. அதற்குப் பிறகே எச்.சி.ஜி. ஊறத் தொடங்கி, தொடக்கத்தில் சுமார் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பல கிட்டுகள் ஒரு மில்லி லிட்டருக்கு 25 மில்லி யூனிட் இருந்தால் காட்டும், சில 10லேயே காட்டும். ‘நாள் தள்ளும் முன்பே தெரியும்’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும், அப்போது வரும் ‘இல்லை’யை நம்பக் கூடாது. இரண்டு மூன்று நாள் விட்டுக் காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் பார்த்தால் ஹார்மோன் நீர்த்துவிடும். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள் கடைசியாக உறவு கொண்டதிலிருந்து 21 நாள் கழித்துப் பார்ப்பது சரி.

படிக்கும் நேரமும் முக்கியம். பொதுவாக மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் படிக்க வேண்டும். சீட்டில் சொன்ன நேரம் தாண்டினால் அந்தக் கார்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். கார்டில் ‘சி’ என்பது கிட் சரியாக வேலை செய்ததா என்று காட்டும் இடம், ‘டி’ என்பது கர்ப்பத்தைக் காட்டும் இடம். ‘சி’ பக்கம் கோடு வரவில்லையென்றால் அந்தப் பரிசோதனையே செல்லாது, ‘டி’யில் என்ன தெரிந்தாலும் சரி. ‘டி’யில் மங்கலாக இருந்தாலும் நிறத்தோடு கோடு வந்தால் பாசிட்டிவ்தான். நேரம் கடந்து, ஈரம் காய்ந்த பிறகு நிறமில்லாத சாம்பல் கீற்று ஒன்று தெரியலாம். அது கர்ப்பத்தின் கோடு அல்ல. குப்பையில் போட்ட கார்டை மாலையில் எடுத்துப் பார்த்து நம்பிக்கை வளர்ப்பதும் நொறுங்குவதும் மனசுக்கு வீண் வேதனை.

பாசிட்டிவ் பொய்யாவது அரிது. கருத்தரிப்புச் சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்குச் சுமார் இரண்டு வாரம் வரையிலும், கரு கலைந்தவர்களுக்குச் சில வாரங்களும் கோடு வரலாம். கருத்தடை மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ முடிவை மாற்றாது. பாசிட்டிவ் வந்து சில நாளிலேயே ரத்தம் பட்டால் கிட் பொய் சொன்னது என்று அர்த்தமில்லை; தொடக்கத்திலேயே கரு கலைந்திருக்கலாம்.

வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். பரிசோதனை செய்யும் நேரத்தில்தான் உறையைப் பிரிக்க வேண்டும், ஈரம் பட்டால் பட்டை கெடும். குளியலறை அலமாரி இதற்கான இடமல்ல.

கரு எங்கே இருக்கிறது என்பதை எந்தக் கிட்டும் சொல்லாது. கருக்குழாயில் தங்கிய கருவுக்கும் இதே கோடுதான் வரும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல் அல்லது மயக்கம், தோள் நுனியில் வலி இவற்றில் எது வந்தாலும், கோடு மங்கலாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இவை எதுவும் இல்லாமல் பாசிட்டிவ் வந்தவர்களும் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்து, எப்போது ஸ்கேன் எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.