பருவுக்கு டீ ட்ரீ ஆயிலா, பென்சாயில் பெராக்சைடா?

1990-இல் ஆஸ்திரேலியாவில் பரு உள்ள 124 பேரிடம் டீ ட்ரீ ஆயில் (ஓர் ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெய்), பென்சாயில் பெராக்சைடு (பருவுக்குப் பூசும் மருந்து) இரண்டையும் 5% அளவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலுமே பரு குறைந்தது.

வேகம்: பெராக்சைடு முந்தும். டீ ட்ரீக்குப் பொறுமை வேண்டும்.

எரிச்சல், வறட்சி: டீ ட்ரீயில் குறைவு. ஆனால் பாட்டிலிலிருந்து அப்படியே தடவாதீர்கள், தோல் சிவந்துவிடும். தேங்காய் எண்ணெயில் கலக்கலாமே என்பார்கள். அது சிலருக்குத் துளைகளை அடைத்துப் பருவைக் கூட்டும். 5% ஜெல்லாகவே வாங்கிவிடுங்கள். முதலில் முழங்கையின் உட்புறம் தடவி, இரண்டு நாள் பாருங்கள்.

பராமரிப்பு: டீ ட்ரீ எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டால் மாறி, அலர்ஜி தரும். மூடியை இறுக்கி இருட்டில் வையுங்கள். பெராக்சைடு துணியை வெளுக்கும். என் நீலத் தலையணை உறையில் கன்னம் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சுத் திட்டு. வெள்ளை உறைதான் சரி.

சீக்கிரம் குறைய வேண்டும், பருவும் நிறைய என்றால் 2.5% பெராக்சைடில் தொடங்குங்கள். ஓரிரண்டு பரு, சட்டென எரியும் தோல் என்றால் டீ ட்ரீ. அழுத்தினால் வலிக்கும் ஆழமான கட்டிகளுக்கு இரண்டும் வேண்டாம், தோல் மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், டீ ட்ரீ எண்ணெயை விழுங்கினால் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.