கசாக் காவியமும் மங்கோலியக் காவியமும்: ஓசை எங்கே விழுகிறது?

இரண்டுமே புல்வெளியில் பிறந்தவை. வீரன், குதிரை, பகைவன் என்று கதைக்கூறுகளும் ஏறக்குறைய ஒன்றுதான். செவிக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு. கசாக்கியரின் 'ஜிர்' பாவகையில் அடிக்கு 7, 8 அசைகள். ஓசை அடியின் கடைசியில் விழும். ஒரே இயைபு பல அடிகளுக்குத் தொடர்ந்து ஓடி, பாடகர் நினைத்த இடத்தில் மாறும். மங்கோலியத்திலோ அடியின் தலையில் மோனை. அடுத்தடுத்த அடிகள் ஒரே எழுத்தோசையில் தொடங்கும்.

கசாக் நடை வேகத்துக்கென்றே பிறந்தது. 'கோப்லாண்டி பாத்திர்' காவியத்தில் தாய்புரில் குதிரை ஓடும் பகுதியைப் பாருங்கள்: ஒரு குன்றின் புழுதியை அடுத்த குன்றோடு சேர்க்கிறது, ஏரிக்கரை நாரை எழுந்து பறப்பதற்குள் மிதித்துக் கடந்துவிடுகிறது. மிகைதான், ஆனால் கண்ணால் பார்த்த மிகை.

மங்கோலிய மொழிக் குடும்பத்தின் 'ஜாங்கர்' காவியம் அவசரப்படுவதில்லை. கூடாரம், சேணம், ஆயுதம் ஒவ்வொன்றையும் இணை அடிகளில் அடுக்கி வருணிக்கும். அதன் பும்பா நாட்டில் குளிர்காலமும் இல்லை, சாவும் இல்லை; எல்லோருக்கும் என்றும் 25 வயது. பகைவன் பெரும்பாலும் பல தலை கொண்ட மாங்காஸ் அரக்கன். கசாக் காவியத்தில் பகைவனுக்கு வரலாற்றுப் பெயர் உண்டு. 'அல்பாமிஸ்' கதையில் அவன் மேற்கு மங்கோலிய இனமான கல்மிக்கன். அந்தக் கல்மிக்கியர்தாம் ஜாங்கரைப் போற்றிப் பாடியவர்கள் என்பது வேடிக்கை.

கதையோட்டத்துக்குக் கசாக், சொல்லடுக்குக்கு மங்கோலியம். என் ஓட்டு தாய்புரிலுக்கே.