முழு நாவல் என்று வந்த 64 பக்கம்

பேஸ்புக்கில் பழைய ஆங்கிலப் புத்தகம் வாங்குகிறவர்கள் இதை ஒருக்கால் வாசித்துவிட்டு ஓர்டர் பண்ணுங்கள். எனக்குக் கூரியர் கூலியோடு 2,850 ரூபாய் போனது. பெரிய காசு இல்லைதான், ஆத்திரம் அடங்கவில்லை.

நான் கேட்டது ரே பிராட்பரியின் 'பாரன்ஹைட் 451'. 1953இல் வந்த நாவல். வந்தாறுமூலையில் படித்த காலத்தில் தோழி ஒருத்தியிடம் இரவல் வாங்கி வாசித்தேன். புத்தகம் எரிக்கிற கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் மனதில் நின்றது அதில் வரும் மொன்டாக், மில்ட்ரெட் என்ற புருஷன் பெண்சாதி. வீட்டில் மூன்று சுவர் முழுக்கத் தொலைக்காட்சி. அதில் வருகிறவர்களைத்தான் அவள் 'குடும்பம்' என்பாள். நாலாவது சுவருக்கும் வேண்டும் என்று கேட்பாள், 2,000 டொலர், அவனுடைய வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. படுக்கையில் அவள் காதுக்குள் சிப்பி மாதிரி ஒரு சின்ன வானொலி. பக்கத்தில் கிடப்பவளோடு கதைக்க, அந்தச் சிப்பிக்கு ஒலிபரப்பும் நிலையம் ஒன்றை வாங்கினால் என்ன என்று அவனுக்கே தோன்றும்.

குசினியிலிருந்து அடுத்த அறைக்கு 'சோறு போட்டாச்சு' என்று நான் வட்ஸ்அப் அனுப்பிய அன்றுதான் அந்த இடம் ஞாபகம் வந்தது. சரி, இரண்டு பேரும் சேர்ந்து வாசிப்போமா என்று இவரிடம் கேட்டேன். ஒரு காதில் இருந்ததை மட்டும் கழற்றி, "ஓம், வாங்குங்க" என்றார்.

விளம்பரப் படத்தில் இருந்தது தடித்த புத்தகம். கல்லடியில் வீட்டு வாசலுக்குப் பொதி வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுக் காசு தருகிறேன் என்றேன், கூரியர் தம்பி முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை. உள்ளே 64 பக்கப் போட்டோக்கொப்பி, மேலே பளபள அட்டை. யாரோ பரீட்சைக்கு எழுதிய கதைச் சுருக்கம்.

மில்ட்ரெட் தூக்க மாத்திரை விழுங்கும் இரவு அதில் இல்லை. வைத்தியர்கூட வராமல், மெஷினோடு இரண்டு பேர் வந்து வயிற்றைக் கழுவிவிட்டு, ஓர் இரவுக்கு இப்படி ஒன்பது பத்து வரும் என்று சொல்லிப் போவார்களே, அது. விடிந்ததும் அவளுக்கு எதுவும் ஞாபகமிருக்காது. முதலில் எங்கே சந்தித்தோம் என்று அவன் கேட்க, பத்தே வருடத்துக்கு முந்திய அந்த இடம் இருவருக்கும் வராமல் போவதும் இல்லை. அவள் செத்தாலும் தனக்கு அழுகை வராது என்று நினைத்து, அந்த நினைப்புக்கே அவன் அழும் இடம் இல்லவே இல்லை. இவ்வளவுக்கும் பதிலாக ஒரு வரி: மொன்டாக்கின் மனைவிக்குத் தொலைக்காட்சி பார்க்கப் பிடிக்கும்.

விற்றவரிடம் கேட்டால், "அது ஸ்டூடன்ட் எடிஷன், கதை முழுக்க இருக்கு" என்று பதில். பிறகு பிளொக். பெரிய நூல்களைப் பதினைந்து நிமிட வானொலி நிகழ்ச்சியாக்கி, கடைசியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரியாக்கிய கதையை, புத்தகம் எரிக்கிற தீயணைப்புப் படையின் தலைவன் பீற்றி சொல்வது இந்த நாவலில்தான். பள்ளிக்கூடங்களுக்கென்று 1967இல் பதிப்பகமே பிராட்பரிக்குத் தெரியாமல் இதில் 75 இடங்களில் கைவைத்ததும் நடந்தது. 1980இல்தான் முழுவடிவம் திரும்ப வந்தது.

ஓர்டர் பண்ண முன் உள்பக்கங்களை வீடியோவாகக் கேளுங்கள். நாவல் மூன்று பாகம், மூன்றின் தலைப்பும் தெரிய வேண்டும். பக்க எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு மாறும், 64க்குள் ஒருநாளும் அடங்காது. விளம்பரத்தையும் உரையாடலையும் அன்றைக்கே ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தபோது என் கையில் கூரியர் துண்டு மட்டும்தான் இருந்தது.

இவர் அந்த 64 பக்கத்தையும் ஒரே இருப்பில் வாசித்து முடித்தார். "கதை விளங்குதுதானே, பிறகென்ன?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் திரும்பக் கேட்கவுமில்லை.

நேற்று அதே புத்தகம் வேறொரு பெயருள்ள பக்கத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. படம் பழைய படமேதான்: அட்டையின் இடது மேல்மூலை மடிந்திருக்கும், பின்னால் நீலப் பூப்போட்ட மேசைவிரிப்பு.