ரேய்ஸா டாட்ஜர்ஸா? ரெண்டு ஜெர்சியும் வாங்கினவன் சொல்றேன்

அமெரிக்கா வந்து புதுசா பேஸ்பால் பார்க்க ஆரம்பிக்குற நம்ம பசங்க கேக்குற முதல் கேள்வி, எந்த டீமை ஃபாலோ பண்றதுன்னு. இருக்குற ஊர் டீமைப் பிடிச்சுக்கோன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா நான் ஃப்ளோரிடால இருக்குற டாம்பால நாலு வருஷம் இருந்து அந்த ஊர் டீம் ரேய்ஸ் பின்னாடி சுத்திட்டு, அப்புறம் வேலை மாறி லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து இந்த ஊர் டீம் டாட்ஜர்ஸ் பக்கம் சாஞ்சவன். இப்பவே சொல்லிடுறேன், நடுநிலை எல்லாம் என்கிட்ட எதிர்பார்க்காதீங்க.

டிக்கெட் விலை, கூட்டம், டிராஃபிக் இதுல எல்லாம் பேச ஒண்ணும் இல்ல, ரேய்ஸ் தான் ஈஸி. ஆபீஸ் முடிஞ்சு கிளம்பினாலே ரெண்டாவது இன்னிங்ஸுக்குள்ள (கிரிக்கெட் மாதிரி இல்ல, இங்க ஒரு கேமுக்கு ஒன்பது இன்னிங்ஸ்) உக்காந்துடலாம். டாட்ஜர் ஸ்டேடியத்துக்கு அப்படி நினைச்சுக்கூட பார்க்காதீங்க. 2025-ல மட்டும் 40 லட்சம் பேருக்கு மேல வந்துருக்காங்க.

சரி, காசு விஷயம். ஐபிஎல் 2025-க்கு ஆள் எடுக்க ஒரு டீமுக்கு ஏலப் பணம் 120 கோடி, அதுக்கு மேல ஒரு ரூபா போக முடியாது. பேஸ்பால்ல அந்த மாதிரி கோடே கிடையாது, எவ்வளவு வேணா கொட்டலாம், ஒரு அளவைத் தாண்டினா லக்சுரி டாக்ஸ் கட்டணும் அவ்வளவு தான். 2025-ல அந்த அளவு 241 மில்லியன் டாலர். தொடர்ந்து மூணு வருஷம் தாண்டிட்டு, அதுலயும் 60 மில்லியனுக்கு மேல போயிட்டா, அதுக்கு மேல குடுக்குற ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி, அதாவது சம்பளத்தை விட வரி ஜாஸ்தி. டாட்ஜர்ஸ் அந்த வருஷம் கட்டின வரி மட்டும் சுமார் 169 மில்லியன், ரேய்ஸ் டீம் மொத்தத்துக்கும் ஒரு வருஷ சம்பளம் அவ்வளவு வராது!

ஆனா ரேய்ஸ் தோத்துட்டே இருக்குற டீம்னு நினைச்சுடாதீங்க. 2019-ல இருந்து 2023 வரைக்கும் அஞ்சு வருஷம் வரிசையா பிளேஆஃப் போனாங்க, 2021-ல 100 கேம் ஜெயிச்சாங்க. காசு இருந்தா கோப்பைன்னும் கிடையாது. நியூயார்க் டீம் மெட்ஸ், ஹுவான் சோட்டோங்குற ஸ்டார் பேட்ஸ்மேனுக்கு 15 வருஷத்துக்கு 765 மில்லியன் எழுதிக் குடுத்துட்டு, அடுத்த சீசனோட கடைசி நாள்ல சம்பளப் பட்டியல்ல அடிவரிசைல இருக்குற மயாமி கிட்ட 4-0 தோத்து பிளேஆஃபே போகல.

அப்போ எனக்கு எது முக்கியமாப் பட்டுச்சுன்னா, நாம மனசு விட்டுப் பிடிச்ச ஆளு எத்தனை வருஷம் அந்த டீம்ல இருப்பான். இது ஒண்ணு தான்.

இதுக்கு ரூல் தெரியணும். ஒரு பையன் மேஜர் லீக் (இங்க பேஸ்பாலோட உச்ச லீக்) வந்தா முதல் மூணு வருஷம் கிட்டத்தட்ட மினிமம் சம்பளம் (2025-ல 7,60,000 டாலர்), அப்புறம் மூணு வருஷம் ஆர்பிட்ரேஷன்னு பேரம் பேசி கொஞ்சம் ஏறும், ஆறு வருஷ சர்வீஸ் முடிஞ்சா தான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த டீமுக்கு வேணா போகலாம். அதாவது ஆளு சீப்பா இருக்குறது அந்த ஆறு வருஷம் தான். ரேய்ஸ் என்ன பண்ணுவாங்கன்னா, அவன் விலை ஏறப்போற நேரத்துல வேற டீமுக்கு டிரேட் பண்ணிட்டு பதிலுக்கு சின்னப் பசங்களை வாங்கிடுவாங்க, மறுபடி முதல்ல இருந்து. ரேய்ஸ் ஸ்டார்களா இருந்த டேவிட் பிரைஸ் 2014-ல போனான், லாங்கோரியா 2017-ல போனான். எனக்கு இதெல்லாம் கேள்விப்பட்ட கதை தான், என் தலைல விழுந்தது ரேய்ஸ் பிட்சர் (நம்ம பவுலர் மாதிரி) பிளேக் ஸ்னெல்.

2020 வேர்ல்டு சீரிஸ், அதாவது ஃபைனல், அதுல ஆறாவது கேம், எதிர்ல இதே டாட்ஜர்ஸ். ஸ்னெல் 73 பந்து தான் போட்டிருக்கான், ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணிட்டான் (பந்தை அடிக்க விடாமலே அவுட்), அவன்கிட்ட விழுந்தது ரெண்டே ஹிட். மேனேஜர் நடந்து வந்து பந்தைக் கேக்குறார், ஸ்னெல் வாயிலயே முணுமுணுக்குறான். ஒரே பேட்ஸ்மேன் மூணாவது தடவை வந்தா பிட்சருக்கு ஆபத்துன்னு கணக்கு சொல்லுதாம். அடுத்து வந்த டாட்ஜர்ஸ் ஆளு மூக்கி பெட்ஸ் டபுள் (ஒரே அடில ரெண்டாவது பேஸ் வரைக்கும்) அடிச்சான், கேம் போச்சு, கோப்பையும் போச்சு. அந்த சீரிஸ் நடுவுல தான் நான் ஸ்னெல் பேர் போட்ட 4-ம் நம்பர் ஜெர்சி வாங்கியிருந்தேன். ரெண்டே மாசம், டிசம்பர் கடைசில சான் டியாகோவுக்கு டிரேட்! இத்தனைக்கும் அவன் 50 மில்லியனுக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல பாதி கூட முடிக்கல. அதுக்கப்புறம் அந்த ஜெர்சியைப் போட்டுக்கிட்டு தான் நான் கார் கழுவுவேன், 4 நம்பர் ஓரத்துல உரிஞ்சு வந்துடுச்சு. அடுத்து இன்னொரு ரேய்ஸ் பிட்சர் கிளாஸ்னோ மேல நம்பிக்கை வச்சேன், 2023 டிசம்பர்ல அவனையும் அனுப்பிட்டாங்க, எங்கன்னு சொல்லணுமா, டாட்ஜர்ஸுக்கு.

டாட்ஜர்ஸ் பக்கம் பாருங்க, பிட்சர் கெர்ஷா 18 சீசன் ஒரே டீம்ல ஆடி 2025-ல ரிட்டயர் ஆனான். பெட்ஸுக்கு 12 வருஷம் 365 மில்லியன். அவனை வித்தது ஏதோ ஏழை டீம்னு நினைக்காதீங்க, பாஸ்டன், காசுல கொழிக்குற டீம். டாட்ஜர்ஸோட ஜப்பான் ஸ்டார் ஓட்டானிக்கு பத்து வருஷ ஒப்பந்தம் 700 மில்லியன்னு சொல்றாங்களே, அதுல அவன் இப்போ வருஷத்துக்கு வாங்குறது 2 மில்லியன் தான், மீதி 680 மில்லியன் 2034-ல இருந்து பத்து வருஷத்துல வரும். நம்ம ஊர் நகைச்சீட்டை திருப்பிப் போட்ட மாதிரி, நகை முதல்ல, தவணை பின்னாடி. ஏமாத்துன்னு கத்துறாங்க, ஆனா வரிக் கணக்குல வருஷத்துக்கு சுமார் 46 மில்லியன் ஏறுது, ரூலும் எல்லா டீமுக்கும் ஒண்ணு தான்.

டாட்ஜர்ஸ் எல்லாரையும் வச்சுக்குவாங்கன்னும் சொல்ல மாட்டேன். அவங்ககிட்டயே வளர்ந்த கோரி சீகர் 325 மில்லியனுக்கு டெக்சஸ் போனான், விட்டுட்டாங்க. லோக்கல் டிவி ஒப்பந்தமே 25 வருஷத்துக்கு 8 பில்லியனுக்கு மேல, அது டாம்பால கனவுல கூட வராது, அதையும் ஒத்துக்குறேன். ஆனா பெரிய டீம்கள் கிட்ட இருந்து ரெவென்யூ ஷேரிங்னு சின்ன டீமுக்கு வருஷா வருஷம் பணம் போகுது. அது ஆட்டக்காரனுக்கு செலவாகலன்னு 2018-ல பிளேயர்ஸ் யூனியனே ரேய்ஸ் உட்பட நாலு டீம் மேல புகார் குடுத்துச்சு. யூனியனும் ஓனர்ஸும் போட்ட லீக் ஒப்பந்தத்துக்கு 2026 டிசம்பர் 1 தான் கடைசி, ஓனர்ஸ் சேலரி கேப் (ஐபிஎல் மாதிரி ஒரு உச்சக் கோடு) வேணும்கிறாங்க. வைங்க, ஆனா இதுக்குக் கீழ செலவு பண்ணக்கூடாதுன்னும் ஒரு கோடு சேர்த்துப் போடுங்க. நான் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து ரெண்டு சீசன் தான் ஆகுது, இங்கயும் எனக்கு ஒரு நாள் நெஞ்சு எரியலாம், அது வேற.

2025 வேர்ல்டு சீரிஸ் ஏழாவது கேம், டொரோன்டோல, பதினோரு இன்னிங்ஸ் போச்சு. டாட்ஜர்ஸுக்காக கிளாஸ்னோ வந்து போட்டான், கொஞ்ச நேரத்துல ஸ்னெல்லும் வந்தான், அவனை 182 மில்லியன் குடுத்து முந்தின வருஷம் தான் எடுத்திருந்தாங்க. நான் உள்ள போய் கார் கழுவுற ஜெர்சியை எடுத்துப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தேன். பொண்ணு பார்த்துட்டு, "என்னப்பா, டீம் மாத்தி போட்டிருக்க?"ன்னு கேட்டா. முதுகுல பேர் சரியா இருக்கான்னு பாருடான்னு சொல்லிட்டு திரும்பிக் காட்டினேன்.